பழைய மரப் பாகங்களில் மூன்று கூட்ஸ் பெட்டிகள்: ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு

மாடல் ரயில் கட்டுவதற்கான பழைய மர கிட் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் மரத்தைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். உளுத்திருக்குமோ, முறுக்கிக் கிடக்குமோ என்று. இந்த முறை வந்த பெட்டியில் உருப்படியாக இருந்ததே மரம்தான். கூட இருந்த உலோகம், அட்டை, பசை, எழுத்துத் தாள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் கெட்டிருந்தன. மரத்துக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. இத்தனை நாள் எந்தக் காற்றில் கிடந்தது, இனி எந்தக் காற்றில் இருக்கப்போகிறது என்பதுதான் அதற்கு முக்கியம். இந்த மூன்று வண்டிகளைக் கட்டியதில் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் அந்த ஒரு விஷயத்தையே சுற்றி வந்தன.

பெட்டி வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பரின் அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கும்போதெல்லாம் ஹெச்ஓ அளவு ரயில் கிட்களை வாங்கி வந்தார். ஓய்வு பெற்று ஏற்காட்டில் குடியேறினார். கட்டுவதற்கு நேரம் வாய்க்கவே இல்லை. பல வருடங்கள் எஸ்டேட் வீட்டுப் பரணில் கிடந்த அந்தப் பெட்டியை, வீட்டைக் காலி செய்யும்போது நண்பர் என்னிடம் கொடுத்தார். இப்போது அது இருப்பது சேலம் சூரமங்கலத்தில், மாடி அறையில். மேலே மூடுபனி, கீழே கத்திரி வெயில். கடல் மட்டத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் காற்றே வேறு.

பெட்டியில் இருந்தவை

ஹெச்ஓ என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நிஜத்தில் 40 அடி நீளமுள்ள சரக்குப் பெட்டி மேஜை மேல் 14 சென்டிமீட்டர்தான். இன்றைக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். திறந்து தண்டவாளத்தில் வைத்தால் ஓடும். 1950, 60களில் லாபெல், ஆம்ப்ராய்டு போன்ற நிறுவனங்கள் விற்றது வேறு சரக்கு. கூரையும் தளமும் அந்தந்த வடிவத்தில் இழைத்த கட்டைகளாக வரும். இரண்டு முனைக்கும் சிறு கட்டைகள். பக்கச் சுவருக்கு, பலகை பலகையாகத் தெரியும்படி கோடு கீறிய மெல்லிய மரத் தகடு. அப்புறம் ஒரு கட்டு மரக் குச்சி, ஒரு பொட்டலம் வார்ப்புச் சில்லறை, கொஞ்சம் கம்பி, ஒரு வரைபடம். அளந்து, அறுத்து, ஒட்டி எல்லாம் நாமே செய்ய வேண்டும்.

மரம் பெரும்பாலும் பாஸ்வுட், அமெரிக்க லிண்டன் வகை. ரேகை கண்ணுக்குத் தெரியாது, கத்திக்கு இளகிக் கொடுக்கும், ஓரம் பிசிறடிக்காது. தேக்கு எவ்வளவு உயர்ந்த மரமாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. அதன் துளைகள் 87-ல் ஒரு பங்கு அளவில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் அப்படித்தான், ரேகை பட்டை பட்டையாக இருக்கும். உடைந்துபோன சில குச்சிகளுக்கு மாற்றாக, தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செய்யும் ஒருவரிடம் வெட்பாலைத் துண்டு கேட்டு வாங்கினேன். கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகள் கடைவது அந்த மரத்தில்தான். வெள்ளையாக, மொழுமொழுவென்று, பாஸ்வுட்டைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். பெயின்ட் அடித்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு குச்சிக் கட்டில் மட்டும் குண்டூசித் துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தன. வண்டு. அதைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் ஃப்ரீஸரில் போட்டு வைத்தேன். மற்ற மரத்தோடு இன்னும் சேர்க்கவில்லை.

வார்ப்புப் பொட்டலம்தான் சோகம். துத்தநாகக் கலவையில் வார்த்த கதவும் பிரேக் சிலிண்டரும் விரிசல் விட்டு, விரலால் அழுத்தினால் பொடிந்தன. அந்தக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலே போதும். வருடங்கள் போகப் போக உள்ளுக்குள் ஊதி வெடிக்கும். ஈரமும் வெப்பமும் அதை இன்னும் விரைவுபடுத்தும். இதற்கு மருந்து கிடையாது, எடுத்து எறிய வேண்டியதுதான்.

ஈயம் அதிகமுள்ள சின்னப் பாகங்களின் மேல் திருநீறு பூசியது போல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. இது வேறு வியாதி, காரணமும் சுவாரசியமானது. மரமும் அட்டையும் காலம் போகப் போக அசிட்டிக் அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அது வெளியேற வழியில்லாமல் ஈயத்தைத் தின்று, ஈயக் கார்பனேட்டாக ஆக்கிவிடும். பழைய கப்பல் மாடல்களைப் பாதுகாக்கும் மியூசியங்களுக்கும் இதே தலைவலி உண்டு. அந்தப் பொடி விஷம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ, வாயால் ஊதவோ கூடாது. கையுறை போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிட வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பாகங்களைக் காப்பாற்றும் ஆசையே வேண்டாம். நான் வைத்துக்கொள்ளவில்லை.

தராசு

அன்னதானப்பட்டியில் ஒரு பெரியவர், தச்சு வேலை செய்பவர். தளக் கட்டையைக் கையில் வாங்கி, கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"மலை மேல கிடந்த மரத்தைக் கொண்டாந்த அன்னைக்கே கத்தி வெக்கலாமா தம்பி? மழைக்காலத்துல அடைக்க மாட்டேங்குதுன்னு கதவை இழைச்சு விடுறீங்க. சித்திரையில பார்த்தா சந்துல வெளிச்சம் தெரியுதில்ல? அதே கதைதான்."

"எத்தனை நாள் வெக்கணுங்க ஐயா?"

"நாளெல்லாம் எனக்குத் தெரியாது. அது நின்னா நிறுத்துங்க."

எது நின்றால் என்பதற்குத் தராசு பதில் சொல்லும். மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குத் தகுந்தபடி ஈரத்தை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நின்றால் மரத்துக்குள் ஈரம் 16 சதவீதம் வரை இருக்கும். 50 சதவீதக் காற்றில் அது 9-க்கு இறங்கிவிடும். 20 கிராம் கட்டை ஒன்று மலையிலிருந்து இறங்கி நம்ம ஊரில் காய்ந்தால் ஒரு கிராமுக்கு மேல் எடை குறையும். மளிகைக் கடைத் தராசில் அது தெரியாது. ஆனால் இது வெள்ளிக் கொலுசு செய்கிற ஊர். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. அப்படி ஒன்றை இரவல் வாங்கி, கட்டைகளைக் காற்றாட அடுக்கி வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை காத்திருந்தேன். வெயிலில் காய வைக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்தால் கட்டை அந்தப் பக்கமாகக் குழிந்துவிடும்.

இதில் எவ்வளவு சுருங்கும் என்பதுதான் முக்கியம். பச்சை மரம் முழுக்கக் காயும்போது பாஸ்வுட் ஆண்டு வளையத்தின் போக்கில் 9.3 சதவீதமும், வளையத்துக்குக் குறுக்கே 6.6 சதவீதமும் சுருங்கும் என்பது கையேட்டுக் கணக்கு. நமக்கு வேண்டியது 16-லிருந்து 9 வரையான இறக்கம் மட்டும். அந்தக் கணக்கில் 30 மில்லிமீட்டர் அகலமுள்ள தளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் குறையும். வெர்னியரும் கிட்டத்தட்ட அதையே காட்டியது. அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 87-ஆல் பெருக்கினால் ஒன்றே முக்கால் அங்குலம். வந்த அன்றைக்கே அளந்து அறுத்திருந்தால், கோடையில் பக்கச் சுவர்கள் தளத்தை விட்டு விலகியிருக்கும். நீளவாட்டில் மரம் சுருங்குவது தலைமுடி கனம்கூட இல்லை. அதனால் நீள அளவுகளை வரைபடத்தில் உள்ளபடியே எடுத்துக்கொள்ளலாம். அகலத்தைத்தான் காய்ந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

எடை நின்ற பிறகும் ஒரு தளம் நீளவாட்டில் வில் மாதிரி வளைந்தே இருந்தது. குழிந்த பக்கத்தில் ஈரத் துணி ஒற்றி, கிரானைட் பலகையில் எதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் மிகையாக வளைத்துக் கிளாம்ப் போட்டேன். முக்கால்வாசி நிமிர்ந்தது. மீதிக்கு வேறு வழி கிடைத்தது.

ஒரே தகட்டில் மூன்று வேலை

மர வண்டிக்கு எடை போதாது. லேசான பெட்டி வளைவில் தடம் புரளும், நீளமான ரயிலின் நடுவில் இருந்தால் இழுபட்டுச் சாயும். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ ஹெச்ஓ-வுக்குச் சொல்லும் கணக்கு இது: அடிப்படை ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 40 அடிப் பெட்டி மாடலில் ஐந்தரை அங்குலம். மொத்தம் மூணே முக்கால் அவுன்ஸ், அதாவது 106 கிராம். போகி, சக்கரம் எல்லாம் சேர்த்தும் என் பெட்டி அதில் பாதியைக் கூடத் தொடவில்லை. 60 கிராம் போல உள்ளே சேர்க்க வேண்டியிருந்தது.

வழக்கமாக ஈயம் போடுவார்கள். மூடிய மரப் பெட்டிக்குள் ஈயம் என்ன ஆகும் என்பதை அந்த வார்ப்புப் பொட்டலமே காட்டிவிட்டது. ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து உள்ளே அடைப்பது இன்னும் மோசம். பசை விடும் அமிலத்தில் ஈயம் பொங்கி, சில வருடங்களில் சுவரையே பிளந்துவிடும். இரும்புத் தகடு போட்டால் வேறு சிக்கல். வண்டிகளை ஒன்றோடொன்று இணைக்க நான் பயன்படுத்துவது கேடீ கப்ளர். தண்டவாளத்துக்கு நடுவில் பதித்த காந்தத்துக்கு மேலே வண்டியை நிறுத்தினால் அது தானாகக் கழன்றுகொள்ளும். பெட்டிக்குள் இரும்பு இருந்தால் அந்தக் காந்தம் பெட்டியையும் சேர்த்துப் பிடித்து இழுக்கும்.

சேலத்தில் இருந்துகொண்டு இதற்கு விடை தேட வேண்டியதே இல்லை. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காந்தம் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. துருவும் பிடிக்காது, மரத்தின் அமில ஆவியும் அதை ஒன்றும் செய்யாது. கிச்சன் ஸ்டாண்ட் அடிக்கும் பட்டறை ஒன்றில் இரண்டரை மில்லிமீட்டர் தகட்டின் வெட்டுத் துண்டைக் கேட்டு, 12.5 சென்டிமீட்டர் நீளம், 2.5 சென்டிமீட்டர் அகலத்தில் அறுத்து வாங்கினேன். கணக்குப்படி 62 கிராம். காந்தத்தை வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் 304 என்று கொடுப்பது சில சமயம் மலிவான வேறு ரகமாக இருக்கும். வெட்டிய ஓரத்தில் மட்டும் லேசாகப் பிடித்தால் பரவாயில்லை, வேலைப்பாட்டில் அப்படி ஆவது உண்டு.

அந்தத் தகட்டைத் தளத்தின் மேல் உட்புறமாக ஒட்டியதில் எடை கூடியது, வில்லும் நிமிர்ந்தது, காந்தத் தொல்லையும் இல்லை. எபாக்ஸி போடலாமே என்று நண்பர் கேட்டார். எபாக்ஸி கல்லாக இறுகும். தகடு அப்படியே நிற்க, மழைக்காலத்தில் மரம் மட்டும் அகலத்தில் விரியப் பார்க்கும்; ஒன்று பசை விடும், இல்லை மரம் பிளக்கும். ரப்பர் வகைப் பசையான எஸ்ஆர் 998 அந்த அசைவுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். அதைத் தடவி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு திருகு முடுக்கினேன், தகட்டில் திருகுத் துளையைச் சற்றே பெரிதாக விட்டு.

பசையும் பூச்சும்

பக்கச் சுவர்த் தகடுகளுக்கும் அதே பசைதான். சாதாரண வெள்ளை ஃபெவிகால் நல்ல பசை, ஆனால் அதில் தண்ணீர் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகட்டின் ஒரு பக்கத்தில் தடவினால் அது உடனே சுருள ஆரம்பிக்கும். சின்னக் குச்சி இணைப்புகளுக்கு மட்டும் ஃபெவிகால், ஊசி முனையில் தொட்டு.

ஒட்டுவதற்கு முன்பே எல்லாத் துண்டுக்கும் ஆறு பக்கமும் மரத்தின் துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் அடித்துக் காயவைத்தேன். பசை படும் இடத்தை மட்டும் அப்புறம் லேசாகச் சுரண்டிவிட்டேன். பலர் வெளிப்பக்கம் மட்டும் அடித்து விட்டுவிடுவார்கள். அப்போது ஈரம் உள்பக்கமாகப் போய் வரும், தகடு வெளிப்பக்கம் குழியும். சீலர் ஈரத்தை முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இரு பக்கமும் ஒரே வேகத்தில் மாறினால் மரம் நேராக நிற்கும். முதல் பூச்சு காய்ந்ததும் நார் எழுந்து தாடி போல நிற்கும். 400 நம்பர் உப்புத்தாளால் பலகைக் கோடுகளின் போக்கிலேயே தடவி எடுத்தால் போதும். அழுத்தினால் கோடு மறைந்துவிடும்.

மூன்று வண்டிகள்

முதலில் கட்டியது 40 அடி பாக்ஸ்கார், அதாவது மூடிய சரக்குப் பெட்டி. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு ரயில்வேக்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, 1918-ல் நாடு முழுவதற்கும் பொது வடிவங்கள் வகுத்தது. அதில் ஒன்று இது. இரும்புச் சட்டம் வெளியே, மரப் பலகை உள்ளே. பக்கச் சுவரில் குறுக்காகப் போகும் சட்டங்கள் அழகுக்கு இல்லை, சுமையின் ஒரு பங்கைச் சுவரே பாலச் சட்டம் போலத் தாங்குகிறது. கிட்டில் அந்தச் சட்டங்களுக்குக் கொடுத்திருந்த குச்சிகள் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்ததால் வெட்பாலையில் மாற்றினேன்.

இரண்டாவது ஐஸ் பெட்டி. குளிர்சாதன எந்திரம் வருவதற்கு முன்னால் கலிபோர்னியாவின் பழங்களைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோனவை இவைதான். இரு முனையிலும் ஐஸ் தொட்டி, கூரையின் நான்கு மூலையில் மூடி. வழியில் நிலையங்களில் மேடைமேல் நின்று பாளம் பாளமாக உள்ளே தள்ளுவார்கள். இன்னும் குளிர வேண்டுமானால் உப்பும் சேர்ப்பார்கள். கதவு சறுக்குவதில்லை, காற்றுப் புகாமல் இறுக அடைக்கும் கீல் கதவு. யூனியன் பசிபிக்கும் சதர்ன் பசிபிக்கும் சேர்ந்து 1906-ல் தொடங்கிய பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸின் ஆரஞ்சு நிறத்தை இதற்கு எடுத்துக்கொண்டேன். கீல்கள் துத்தநாக வார்ப்பாக வந்து பொடிந்துவிட்டன. அவற்றைப் பித்தளையில் புதிதாகச் செய்ய வேண்டி வந்தது.

பித்தளை வேலை செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் தயவு. பெட்டியில் ஏறும் கைப்பிடிக் கம்பிகளுக்கு 0.35 மில்லிமீட்டர் கம்பி வேண்டும்.

"வருமாண்ணா?"

"வெள்ளியே இதைவிட மெலிசா இழுக்கிறோம். பித்தளைதான் முரண்டு பிடிக்கும், நடுநடுவே சூடு காட்டணும்."

துளைத் தகட்டில் ஒவ்வொரு துளையாக இழுத்து, நடுநடுவே பழுக்கக் காய்ச்சி, கம்பி கொடுத்தார். கீலுக்கு அதையே பட்டையாக உருட்டித் தந்தார். ஒரு கைப்பிடியின் அகலம் 5 மில்லிமீட்டர்தான். ஒரே மாதிரி வளைய வேண்டுமே என்று நான் ஒரு அச்சு செய்துகொண்டு போனேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, குறடால் மடக்கிக்கொண்டே போனார். வரிசையாக வைத்து அளந்தேன். வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாவது 36 அடி வண்டி, இன்னும் பழைய காலத்து வடிவம். அடிச்சட்டமும் மரமாக இருந்த நாட்களில் பாரத்தில் நடுப்பகுதி தொய்ந்துவிடும். அதைத் தடுக்க அடியில் நீளவாட்டில் இரும்புத் தடிகள் போட்டு, நடுவில் முடுக்கியை வைத்து இறுக்குவார்கள். மாடலில் தடிக்குப் பதில் தூண்டில் நரம்பு. மேட்டூர் பக்கம் எந்தக் கடையிலும் 0.3 மில்லிமீட்டர் கிடைக்கும். இறுக்கிக் கட்டினால் நிஜ வண்டியில் நடப்பதே இங்கேயும் நடக்கும், தளம் மேல்நோக்கி வளையும். தொய்யாத அளவுக்கு மட்டும் இழுத்து நிறுத்திக்கொண்டேன்.

இந்த மரத்தை நம்ம ஊர் வேகனாக மாற்றக் கூடாதா என்று பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஜங்ஷனில் நிற்கும் மூடிய பிசிஎன், திறந்த பாக்ஸ்என் வேகன்கள் இரண்டுமே முழு இரும்பு. பலகைக் கோடு கீறிய மரத்தை அதற்குச் செலவழிப்பது வீண். அளவும் ஒத்துவராது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும், என் தண்டவாளமோ 16.5. பிசிஎன் செய்யும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் அது பிளாஸ்டிக் ஷீட்டில் செய்ய வேண்டிய வேலை.

ஓட்டிப் பார்த்தபோது

பழைய கப்ளர்களையும் பிளாஸ்டிக் சக்கரங்களையும் முதலிலேயே கழற்றிப் போட்டுவிட்டேன். கப்ளரின் நடு உயரம் தண்டவாளத்திலிருந்து 9.9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மூன்று வண்டியும் கொஞ்சம் தாழ்ந்தே நின்றன. போகிக்கு மேலே மெல்லிய வாஷர் வைத்துச் சரிசெய்தேன். 36 அடி வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரம் தூண்டில் நரம்பின் முனையில் உரசியது. முனைகளை உள்பக்கமாக நகர்த்திக் கட்டியதும் ஓடியது.

ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் அளந்தேன். பாக்ஸ்காரின் அகலம் கொஞ்சம் கூடியிருந்தது, மூலைகள் எதுவும் விடவில்லை. ஐஸ் பெட்டியில் கூரை நுனியில் மட்டும் பெயின்ட் மயிரிழை போலக் கீறியிருந்தது. அங்கே கட்டையின் வெட்டு முகம் வெளியே பார்க்கிறது, மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது அந்த முகத்தில்தான். அடுத்த வண்டியில் வெட்டு முகத்துக்கு மட்டும் சீலர் இன்னொரு கோட் கூடுதலாக அடிப்பேன்.

எழுத்துகள்தான் பாக்கி. கிட்டோடு வந்த, தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் தாளில் வேண்டாத ஓர் எண்ணை வெட்டித் தண்ணீரில் போட்டேன், துண்டு துண்டாகச் சிதறியது. மீதித் தாளுக்கு மேலே தெளிவான வார்னிஷ் மெல்லிசாக அடித்த பிறகு ஐஸ் பெட்டியின் கறுப்பு எழுத்துகள் முழுசாக வந்தன. பாக்ஸ்காருக்கும் 36 அடி வண்டிக்கும் வேண்டியது வெள்ளை எழுத்து, அந்தத் தாளோ மஞ்சளாகிவிட்டது. சாதாரண பிரின்டரில் வெள்ளை வராது. வெள்ளை டோனர் வைத்திருப்பவர் யாராவது கிடைக்கிறார்களா என்று ஐந்து ரோடு பக்கத்து அச்சகங்களில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை இரண்டும் காவி நிறத்தில், பெயர் இல்லாமல்தான் ஓடுகின்றன.